பீலித் தண்ணீரும் சவர நுரையும்

புதிய சவரச் சவர்க்காரம் ஒன்றின் மூடியைத் திறந்ததும் எவரும் முதலில் அதை மூக்கருகே கொண்டுபோவார்கள். சந்தனமா, கறுவாவா, தேசிக்காயா என்ற தீர்ப்பு அங்கேயே விழுந்துவிடும். செய்து விற்பவர்களுக்கும் இது தெரியும். கையால் காய்ச்சிய சவர்க்காரங்கள் பெரும்பாலும் வாசனையின் பெயரையே தாங்கி வருவது அதனால்தான். ஆனால் தாடி முடிக்கு மூக்கு கிடையாதே! பிளேடு கன்னத்தில் ஓடும் அந்தச் சில நிமிடங்களைத் தீர்மானிப்பவை வேறு: உள்ளே இருக்கும் கொழுப்பு எது, அதை எந்தக் காரம் சவர்க்காரமாக்கியது, குழைக்க எடுத்த தண்ணீர் எந்த நிலத்திலிருந்து வந்தது.

கடைசிக் கேள்வி பதுளை மாவட்டத்துக்காரருக்கு நன்றாகவே விளங்கும். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளை அதைவிட இருமடங்கு உயரம். வடக்கே போனால் மஹியங்கனை, கிராந்துருகோட்டை என்று அதே மாவட்டம் உலர் வலயச் சமவெளிக்குள் இறங்கிவிடுகிறது. மலைச்சரிவுத் தோட்டங்களில் தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில் விழும் பீலித் தண்ணீர் பாறை இடுக்குகளில் ஊறி வந்த மழைநீர். சுண்ணாம்புச் சத்து பொதுவாக அதில் குறைவு. சமவெளிக் கிணற்றுத் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் தூக்கலாக இருக்கும். முன்னது மென்னீர், பின்னது கடின நீர். ஒரே சவர்க்காரத்தை ஒரே கையால் இரண்டிலும் குழைத்துப் பார்த்தால், பீலித் தண்ணீரில் பொங்கிய நுரை கிணற்றுத் தண்ணீரில் சோம்பிக் கிடக்கும்.

காரணம் எளிது. சவர்க்கார மூலக்கூறு கடின நீரிலுள்ள கல்சியத்தைச் சந்தித்தால் கரையாத உப்பாக மாறிவிடுகிறது. கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டும் வெள்ளைப் பிசுக்கு அதுதான். நுரையாக வேண்டிய சவர்க்காரத்தில் ஒரு பங்கு இப்படி வீணாகிப் போவதால் கடின நீர் உள்ள ஊரில் கூடுதலாகக் குழைக்க வேண்டும். தொழிற்சாலைகள் கல்சியத்தைப் பிடித்துவைக்கும் இரசாயனத்தைச் சேர்த்து இந்தத் தொல்லையைத் தணிக்கின்றன. வீட்டில் காய்ச்சும் சிறு தயாரிப்பாளர் பலர் அதைச் சேர்ப்பதில்லை. எனவே கையால் செய்த சவர்க்காரத்தை 'நுரைக்கவில்லை' என்று ஒதுக்குமுன் ஒருநாள் சேமித்த மழைநீரில் குழைத்துப் பார்ப்பது நியாயம். வடகீழ்ப் பருவமழை இறங்கும் மாதங்களில் பதுளை அடங்கும் ஊவாவில் மழைநீருக்குப் பஞ்சமில்லை.

சரி, சவரத்துக்கென்று தனிச் சவர்க்காரம் எதற்கு? தோட்டங்களில் பல காலமாக முகச்சவரத்துக்குக் கைகொடுத்தது குளிக்கும் சவர்க்காரம்தான். ஈரக் கன்னத்தில் நாலு தேய்ப்பு, கையால் ஒரு குழைப்பு, பிறகு பிளேடு. வேலை நடந்துவிடும், ஆனால் பாதிக் கன்னத்தை முடிப்பதற்குள் மறுபாதியில் நுரை காய்ந்து தோல் இழுக்கும். கழுத்தில் கீறல் விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

குளிக்கும் சவர்க்காரம் சோடியம் ஹைட்ரொக்சைட்டால் ஆனது. அதனால் கட்டி கெட்டியாக இருக்கும், தண்ணீரில் மெதுவாகக் கரையும். குளிப்பதற்கு அதுவே நல்லது, கட்டி சீக்கிரம் தேயாது. சவரச் சவர்க்காரத்தில் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டு முக்கியப் பங்கு வகிக்கிறது. பொட்டாசியச் சவர்க்காரம் மென்மையானது, தூரிகை பட்டதும் கரைந்து வருவது. பல தயாரிப்பாளர்கள் இரண்டு காரங்களையும் கலந்து, கட்டியாகவும் நிற்க வேண்டும், எளிதாகவும் கரைய வேண்டும் என்று சமன்செய்கிறார்கள்.

கொழுப்பின் கதை இன்னும் சுவையானது. இலங்கையில் சவர்க்காரம் காய்ச்ச நினைக்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது தேங்காயெண்ணெய். அதன் கொழுப்பமிலங்களில் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம். லோரிக் தரும் நுரை மிக வேகமானது; தூரிகையை இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும், குமிழ் குமிழாகப் பொங்கும். பொங்கிய வேகத்திலேயே அடங்கியும் விடும். அளவு கூடினால் தோலின் எண்ணெயையும் சேர்த்து வழித்துக்கொண்டு போய்விடும். சவரத்துக்கு வேண்டிய அடர்ந்த, நகராத, ஈரம் பிடித்துவைக்கும் நுரையைத் தருவது ஸ்டியரிக் அமிலம். தேங்காயெண்ணெயில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உண்டு. ஆகவே நல்ல சவரச் சவர்க்காரத்தில் ஸ்டியரிக் அமிலத்தைத் தனியே, தாராளமாகச் சேர்க்கிறார்கள். தேங்காயெண்ணெய் துணைக்குச் சிறிதளவு வரும். பட்டியலில் தேங்காயெண்ணெய் முதலிடத்திலும் ஸ்டியரிக் எங்கேயும் இல்லாமலும் ஒரு டப்பா 'ஷேவிங்' என்ற பெயரோடு வந்தால், அது குளிக்கும் சவர்க்காரத்துக்கு உடை மாற்றிய வேலை என்று சந்தேகிக்கலாம்.

ஸ்டியரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது என்பது இந்தத் தீவில் சின்னக் கேள்வி இல்லை. தாவர வழியில் அது பெரும்பாலும் பாம் எண்ணெயிலிருந்து கிடைப்பது. 2021 ஏப்ரலில் இலங்கை அரசாங்கம் பாம் எண்ணெய் இறக்குமதிக்குத் தடை விதித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. விலங்கு வழியில் பார்த்தால் மாட்டுக் கொழுப்பு. ஐரோப்பாவின் பழம்பெரும் சவரச் சவர்க்காரங்கள் பல அதில்தான் நின்றன. அமெரிக்காவில் இன்று சிறு பட்டறைகளில் காய்ச்சுபவர்களும் அதன் வழுக்கலைப் புகழ்வார்கள். பதுளையில் அந்தப் புகழ்ச்சி எடுபடாது. மாட்டை வணங்கும் வீட்டில் அது முகத்தில் ஏறாது. பன்றிக் கொழுப்பு முஸ்லிம் வீட்டு வாசலையே மிதிக்காது. தோட்டாவில் பூசிய கொழுப்பைப் பற்றிய பேச்சே 1857இல் வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சிக்குத் திரிகொளுத்திய மண் இந்தப் பக்கத்து மண். டப்பாவின் பின்புற எழுத்தைப் படிக்காமல் பரிசாகக் கொடுக்கக் கூடாத பொருட்களில் இதுவும் ஒன்று.

தூரிகையிலும் இதே சிக்கல் உண்டு. மரபான தூரிகைகள் பட்ஜர் என்னும் வளைக்கரடியின் முடியாலோ பன்றி முடியாலோ ஆனவை. இப்போது செயற்கை இழைத் தூரிகைகள் நன்றாகத் தேறிவிட்டன. விரைவில் காய்கின்றன, நாற்றம் இல்லை, யாருடைய மனச்சாட்சியையும் உறுத்துவதில்லை. ஊவாவின் மழை மாதங்களில் 'விரைவில் காயும்' என்பதே போதுமான சிபாரிசு.

விலங்கு முடித் தூரிகைக்கு இருண்ட வரலாறும் ஒன்று உண்டு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் வளைக்கரடி முடி கிடைப்பது அருகியபோது குதிரை முடியால் மலிவான தூரிகைகள் செய்யப்பட்டன. சரியாகக் கிருமி நீக்காத முடியிலிருந்து அந்த்ராக்ஸ் நோய் பிரித்தானிய, அமெரிக்கப் படைவீரர்களின் முகத்துக்கே வந்து சேர்ந்தது. பொதுமக்களும் தப்பவில்லை. 1920இல் ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைப் பிரித்தானியா தடைசெய்யும் அளவுக்கு நிலைமை போயிற்று. பழைய சாமான் கடையில் பாட்டன் காலத்துத் தூரிகை கிடைத்தால் அதை அலுமாரியில் அழகுக்கு வைக்கலாம், கன்னத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

இத்தனை பேச்சுக்கும் காரணமான நுரை தமிழர் சவரத்தில் பிந்தி வந்த விருந்தாளி. நாட்டு நாவிதர் முறையில் சவர்க்காரமே கிடையாது. கருவிப் பையான அடைப்பத்திலிருந்து கத்தியும் கிண்ணியும் வெளிவரும். கிண்ணியில் தண்ணீர். விரலை நனைத்து நனைத்துத் தாடையைத் தடவி, தேய்த்து, முடி இளகும்வரை விடாத பொறுமை, அதன் பிறகே கத்தி. இதில் விஞ்ஞானப் பிழை ஒன்றும் இல்லை. தாடி முடி தண்ணீரை உறிஞ்சி ஊதும். இரண்டு மூன்று நிமிடம் நன்றாக நனைந்தால் அதை வெட்ட வேண்டிய விசை கணிசமாகக் குறையும். வெந்நீராக இருந்தால் இன்னும் விரைவு. முடியை இளக்குவது தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை முகத்திலேயே பிடித்துவைத்து, மேலே பிளேடு வழுக்கிப் போக வழி செய்வது நுரையின் வேலை.

தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் ஆட்கள் வந்தபோது கிராமத்தின் சாதிக் கடமைகளும் கூடவே கப்பலேறின. தோட்டத்தில் சவரத் தொழிலாளிக்கும் சலவைத் தொழிலாளிக்கும் இடம் இருந்தது. ஓய்வு நாளில் லயத்து இஸ்தோப்பிலோ மரத்தடியிலோ குந்தி உட்கார்ந்து, வரிசையாகத் தலையையும் தாடையையும் கொடுப்பார்கள். மரண வீட்டுச் சடங்குகளிலும் அவருக்குக் கட்டாய வேலை உண்டு. மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேடம் போடும் ஆணின் மீசையைக் கழித்து முகத்தை வழவழப்பாக்கியதும் அதே கத்திதான். கை வித்தை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சாதி அதற்கு மரியாதை தரவில்லை. அடுத்த தலைமுறை அந்த அடைப்பத்தைத் தூக்க மறுத்ததில் வியப்பில்லை. தொழில் நகரத்துச் சலூனுக்கு இடம்பெயர்ந்து, கட்டணப் பலகையும் சுழல் நாற்காலியும் கண்ணாடியும் பெற்றுக்கொண்டது.

பங்களாவில் காட்சி வேறாக இருந்தது. துரைக்கு அப்பு வெந்நீர் கொண்டுவந்து வைப்பார். நுரை குழைக்க நேரமும் இருந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கிய காலத்தில் ஆங்கிலேயக் கனவான்கள் மடக்குக் கத்தியைத் தோல்வாரில் தீட்டித்தான் சவரம் செய்தார்கள். லயத்தில் விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டுவிடும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, ஓடுகிறவனுக்கு மிலாறு விறகடுப்பில் வைக்கும் வெந்நீர் தேத்தண்ணிக்கே சரியாகப் போகும். இன்று 'பாரம்பரிய ஈரச் சவரம்' என்று நகரத்துக் கடைகள் அழகாகப் பொதிசெய்து விற்பது, உற்றுப் பார்த்தால், வெந்நீரையும் ஓய்வான இருபது நிமிடத்தையும்தான். இரண்டும் பங்களாவில் இருந்தன, லயத்தில் இல்லை.

இந்த இடைவெளியை ஓரளவு குறைத்தது சவர்க்காரமல்ல, பிளேடு. அமெரிக்கரான கிங் காம்ப் ஜில்லெட் 1901இல் கம்பனி தொடங்கி, 1903இல் ரேசர் விற்கத் தொடங்கினார். அந்த வருடம் போனவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும். 1904 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. முதலாம் உலகப் போர் வந்தது, அமெரிக்க அரசாங்கம் வீரர்களுக்காக 35 இலட்சம் ரேசர்களையும் 3 கோடி 20 இலட்சம் பிளேடுகளையும் வாங்கியது. திரும்பி வந்த வீரர்கள் வீட்டிலேயே சவரம் செய்யும் பழக்கத்தோடு திரும்பினார்கள். பதுளைக்கு 1924இல் ரயில் வந்து சேர்ந்தது. கொழும்பில் இறங்கிய சாமான் மலைக்கு ஏறுவது எளிதாயிற்று. இரண்டு பக்கமும் கூரான அந்த மெல்லிய பிளேடு இன்றும் பதுளைச் சலூன்களில் உண்டு, பாதியாக ஒடித்த உருவத்தில். "அண்ணே, புது பிளேடு போடுங்க" என்று வாடிக்கையாளர் கேட்பதும், சலூன்காரர் உறையை அவர் கண் முன்னால் பிரித்துக் காட்டுவதும் இன்று சலூன் நடைமுறை. இரத்தத்தால் பரவும் ஈரல் அழற்சி போன்ற நோய்களை நினைத்தால் கேட்பதில் வெட்கம் தேவையில்லை.

டின்னை அமுக்கினால் நுரை வரும் தெளிப்பான்களும் பல பிளேடு அடுக்கிய காட்ரிஜ்களும் வந்தபின் தூரிகையும் சவர்க்காரமும் மெல்ல மறைந்திருக்க வேண்டும். இந்த நூற்றாண்டில் அவை திரும்பி வந்தன. இலண்டனின் ட்ரூஃபிட் அன்ட் ஹில் 1805இலிருந்தும் டெய்லர் ஒஃப் ஓல்ட் பொண்ட் ஸ்ட்ரீட் 1854இலிருந்தும் தொடரும் கடைகள். அவற்றோடு அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்து ஸ்டர்லிங் போன்ற சிறு பட்டறைகளும் சேர்ந்துகொண்டன. காட்ரிஜ் விலையின் எரிச்சல் பாதி, பழமை மீதான பிரியம் பாதி. இலங்கையில் மூன்றாவது காரணமும் உண்டு. 2022 ஓகஸ்டில் அந்நியச் செலாவணி வற்றிய நிலையில் 300க்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. வாசனைத் திரவியங்களும் ஷாம்புவும் அந்தப் பட்டியலில் இருந்தன. தடை பின்னர் நீங்கினாலும், இங்கேயே காய்ச்சினால் என்ன என்ற எண்ணம் பலருக்கு அப்போது வந்தது. தேங்காயெண்ணெயில் சவர்க்காரம் காய்ச்சி விற்கும் வீடுகள் தீவில் இல்லாமல் இல்லை. அவர்களில் ஒருவர் சவரத்துக்கென்று ஒரு கட்டியை நீட்டினால் அதை எப்படிச் சோதிப்பது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதில் தொடங்க வேண்டும். புதுச் சவர்க்காரத்தோடு புது ரேசர், புதுப் பிளேடு, புதுத் தூரிகை எல்லாவற்றையும் ஒரே காலையில் இறக்கினால் எரிச்சலுக்கு யார் பொறுப்பு என்று கடைசிவரை தெரியாது. பழகிய பிளேடு, பழகிய தண்ணீர், சவர்க்காரம் மட்டும் புதிது. இன்னும் கறாராகப் பார்க்க விரும்புபவர் இடது கன்னத்துக்குப் பழையதும் வலது கன்னத்துக்குப் புதியதும் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடியில் கொஞ்சம் கோமாளித்தனமாகத் தெரியும், தீர்ப்பு மட்டும் நேர்மையாக இருக்கும்.

அதற்கும் முந்திய நாள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது நுரையைப் பூசிக் கழுவி, ஒன்றிரண்டு நாள் கவனிக்க வேண்டும். சிவப்போ அரிப்போ வந்தால் சவர்க்காரத்தைக் கை கழுவ வைத்துக்கொள்வது நல்லது. நன்றாகக் காய்ச்சிய சவர்க்காரத்தின் காரத்தன்மையே 9க்கும் 10க்கும் இடையில் நிற்கும். தோலோ 5ஐ ஒட்டிய இலேசான அமிலத்தன்மை கொண்டது. குளிர்முறையில் செய்த கட்டி பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் காற்றாட முதிர வேண்டும். அவசரத்தில் விற்ற கட்டியில் தண்ணீர் அதிகமாக இருக்கும், சீக்கிரம் கரைந்துபோகும். அளவு பிசகிச் செய்ததில் எஞ்சிய காரமும் இருக்கலாம். நாக்கு நுனியில் தொட்டுப் பார்க்கும் பழைய முறையைச் சவர்க்காரம் காய்ச்சுபவர்கள் சொல்வார்கள். வாங்குபவருக்கு அந்த வீரம் தேவையில்லை, காரத்தன்மை காட்டும் தாள் துண்டு ஒன்று போதும்.

பிறகு நுரை. தூரிகையை வெந்நீரில் ஊறவைத்து, உதறி, கட்டியின் மேல் முப்பது விநாடி சுழற்ற வேண்டும். தூரிகை நுனியில் பசை போல ஏறியதும் அதைக் கிண்ணத்துக்கு மாற்றி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக் குழைக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் பிழைவிடுவது இங்கேதான்: சவர்க்காரம் குறைவு, தண்ணீர் அதிகம், கண்ணைக் கவரும் பெரிய குமிழ்கள். பெரிய குமிழ் என்றால் உள்ளே காற்றுதான் இருக்கிறது என்று அர்த்தம். வேண்டியது குமிழே தெரியாமல், சட்டியில் உறைந்த எருமைத் தயிரின் மேற்பரப்பைப் போல் மினுங்கும் நுரை. அதைத் தொடாமல் ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தால் சவர்க்காரத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். ஸ்டியரிக் போதுமானதாக இருந்தால் அப்படியே நிற்கும். தேங்காயெண்ணெயை மட்டும் நம்பியது என்றால் ஓரத்தில் தண்ணீர் பிரிந்து நடுவில் குழி விழும்.

நுரையின் உயரத்தை விட வழுக்கல் முக்கியம். நுரையைக் கழுவியபின் ஈர விரல்கள் இரண்டை உரசிப் பார்த்தால் இன்னும் வழுக்க வேண்டும், ஏனென்றால் சவரத்தின்போது முதல் இழுப்பிலேயே நுரை போய்விடுகிறது. அதே இடத்தில் பிளேடு இரண்டாம் முறை செல்லும்போது காப்பாற்றுவது அந்த எச்ச வழுக்கல்தான். கையால் செய்த சவர்க்காரத்தில் இயல்பாகவே உருவாகும் கிளிசரின் அப்படியே தங்கிவிடுவதும், காரத்துக்கு அகப்படாத எண்ணெயைச் சிறிது விட்டுவைப்பதும் இதற்கு உதவும். பெருந்தொழிற்சாலைகள் பல கிளிசரினைப் பிரித்தெடுத்துத் தனியே விற்றுவிடும். கைத்தயாரிப்பைப் பற்றிய விளம்பரங்களில் நம்பத்தக்க பகுதி இது.

முதல் நாள் முடி வளரும் திசையில் ஒரே இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். முடிந்ததும் படிகாரக் கட்டியை நனைத்துத் தடவினால், அழுத்திச் சிரைத்த இடமெல்லாம் சுரீர் என்று காட்டிக்கொடுக்கும். சுரீர் என்றது கழுத்தில் மட்டும் என்றால் குற்றம் கையிலோ பிளேட்டிலோ இருக்கலாம். முகம் முழுதும் இறுகி இழுத்தால் சவர்க்காரத்தைக் கேட்க வேண்டும். உடனே சொல்லும் கருத்தை விட மத்தியானத்தில் தோல் சொல்வது சரியாக இருக்கும். ஆடி, ஆவணியில் மலைச்சரிவில் கச்சான் காற்று வறட்சியாக அடிக்கும்போது அதே சவர்க்காரம் வேறு தீர்ப்பு வாங்கவும் கூடும்.

அந்தக் காற்றைச் சொன்னபின் மூக்கை ஒதுக்கிவைக்க முடியாது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று கொழுந்தை வாட்டும் பருவத்தில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற மணம் ஏறுகிறது. அந்த மணத்தில் முக்கியப் பங்கு மெதைல் சாலிசிலேட்டுக்கு. வின்டர்கிரீன் எண்ணெயின் உயிர்நாடியும் அதே பொருள். நோவுத் தைலங்களில் மூக்கில் ஏறுவதும் அதுவே. சவரத்துக்குப் பின் பூசும் வாசனைகள் சிலவற்றிலும் அது உண்டு. தேயிலை விற்பன்னர் உலகச் சந்தையில் விலை கொடுக்கும் வாசம் சலூன் அலுமாரிப் போத்தலுக்குத் தூரத்து உறவு என்பது கொழுந்து பறிப்பவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

சந்தனம் இன்னும் நெருக்கம். வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்தில் சந்தன மரம் இயற்கையாகவே வளர்கிறது. சவரச் சவர்க்கார உலகில் சந்தனத்தைப் போல நிலைத்த வாசனை வேறில்லை என்று சொல்லலாம். ஆனால் அனுமதியின்றி மரத்தைக் கொண்டுசெல்வது சட்டப்படி குற்றம், எண்ணெயும் பொன்விலை. ஆகவே மலிவான டப்பாவில் 'சந்தனம்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் பிறந்த வாசனை. அதில் கெடுதல் ஒன்றும் இல்லை, உண்மையான சந்தன எண்ணெய் என்று சொல்லி விலை கேட்டால்தான் கெடுதல். யூகலிப்டஸும் ஊவாவுக்குப் புதிதல்ல; ரயில் பாதையோரம் நட்ட தோப்புகள் பயணிகளுக்குத் தெரியும். இத்தாலியின் ப்ரொராஸோ கம்பனி யூகலிப்டஸையும் மென்தோலையும் சேர்த்தே உலகப் பெயர் வாங்கியது.

மென்தோல் தரும் குளிர்ச்சி ஒரு நயமான ஏமாற்று. தோலின் வெப்பம் குறைவதில்லை. குளிரை உணரும் நரம்பு வாங்கியை மென்தோல் நேரடியாகத் தட்டி எழுப்புகிறது. 2021இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் அந்த வாங்கியைக் கண்டறிய மென்தோலைத்தான் பயன்படுத்தினார்கள். மார்கழிக் காலையில் ஹப்புத்தளைக் குளிரில் நிற்பவருக்கு இந்த ஏமாற்று தேவைதானா என்பது அவரவர் பாடு. கறுவா விஷயத்தில் மட்டும் தயவு கூடாது. கறுவாப்பட்டை எண்ணெய் தோலை எரிக்கக்கூடியது; 'சிலோன் சினமன்' என்ற பெயர் எவ்வளவு நெருக்கமாக ஒலித்தாலும், புதிதாகச் சிரைத்த முகத்துக்கு அது முதல் தேர்வாக இருக்கக் கூடாது.

பிளேடு ஏன் மழுங்குகிறது என்பதற்கும் விடை அண்மையில்தான் துல்லியமாகக் கிடைத்தது. உருக்கை விட முடி ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் சில சவரங்களில் விளிம்பு போய்விடுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் ஜான்லூகா ரோஷியோலி உள்ளிட்ட ஆய்வாளர்கள் தனித்தனி முடிகளை மின்னணு நுண்நோக்கிக்கு அடியில் வெட்டிப் பார்த்து 2020 ஓகஸ்டில் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். விளிம்பு தேய்ந்து வட்டமாவதை விட, முடி வளைந்து பக்கவாட்டில் அழுத்தும்போது நுண்ணிய சில்லுகளாக உடைவதே பெரிய காரணம் என்றார்கள். கிண்ணியில் விரல் நனைத்த பழைய நாவிதரின் பொறுமைக்கும், நுரையை இரண்டு நிமிடம் முகத்தில் ஊறவிடும் இன்றைய ஆர்வலரின் பிடிவாதத்துக்கும் பிளேடு எங்கே உடைகிறது என்று தெரியாது. முடி நன்றாக நனைய வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தூரிகைக்கும் ரேசருக்கும் மாறுகிறவருக்கு வரும் புதுப் பொறுப்பு பழைய பிளேடுகள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் கட்டிய பல வீடுகளின் குளியலறைச் சுவரில் இதற்கென்றே ஒரு கீறல் துவாரம் இருந்தது. உள்ளே தள்ளினால் சுவருக்குள் விழும், அவ்வளவுதான். இன்று அந்தச் சுவர்களை இடிப்பவர்கள் துருப்பிடித்த பிளேடுக் குவியலைக் கண்டு திகைக்கிறார்கள். லயத்துக் குப்பை தேயிலை மலைக்கும் கானுக்கும் போய்ச் சேரும் இடங்களில் ஒரு பிளேடு வெறுங்காலுக்கும் கொழுந்துக் கைக்கும் ஆபத்து. வெறுமையான பால்மா டின் ஒன்றின் மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, மூடியை ஒட்டிவிட்டால் பல வருடத்துப் பிளேடுகள் அதற்குள் அடங்கும். நிறைந்ததும் டின்னோடு பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுக்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு.